ஒன்றனையொன்று பற்றுதல்: இணைப்படி வட்டுகளில் நேரும் முடக்கமும் அதன் நீக்கமும்

தமிழாராய்ச்சிக்கென நடைபெறும் இதழில் கணிப்பொறியின் வட்டுகளைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையத்தை முதற்கண் அகற்றிய பின்னரே பொருளுட் புகுதல் முறையாகும். ஏடு, தாள், அச்சு என்னும் மூன்று நிலைகளைக் கடந்து தமிழ் நூல்கள் இன்று நான்காம் நிலையில் நிற்கின்றன. 1994 இல் சென்னையில் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனமும் தத்தம் நெறியில் நூல்களை மின்னுருவாக்கி வருகின்றன. சொல்லடைவு தொகுக்கப் புகும் முதுகலை மாணவர் இன்று நாடுவது ஏட்டறையை அன்று. எங்கோ சுழலும் வட்டினை. அவ்வட்டு நின்றுவிடின் ஆராய்ச்சியும் நின்றுவிடும். ஆதலின் அவ்வட்டு எவ்வாறு காக்கப்படுகின்றது, அக்காவலே எவ்வாறு சில வேளைகளில் முடக்கமாக மாறுகின்றது என்பவற்றை அறிந்துகொள்ளும் கடப்பாடு தமிழ்த்துறையினர்க்கும் உண்டு.

மற்றொரு காரணமும் கூறலாம். இம்முடக்கத்தின் இயல்பை விளக்குதற்குரிய கருத்தும் சொல்லும் நம் தருக்க நூல் மரபிலேயே உள்ளன. அவற்றைக் கொண்டு விளக்கினால் பொருள் எளிதில் விளங்குவதோடு, கலைச்சொல்லாக்கத்திற்கும் ஒரு வழி பிறக்கும் என்பது எம் கருத்து.

படி இரண்டாதல்

வட்டு என்பது தேய்ந்தழியும் பொருள். என்று அழியும் என்று முன்கூட்டி உரைத்தல் அரிது. ஆதலின் ஒரே செய்தியை இரண்டு வட்டுகளில் ஒருங்கே எழுதிவைக்கும் முறை தோன்றிற்று. 1976 இல் வெளிவந்த டாண்டம் கணிப்பொறிகளிலேயே இம்முறை இருந்தது. 1988 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலியைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்னும் மூவர் வட்டுத் தொகுதிகளை வகைப்படுத்தி எழுதிய கட்டுரையில் இதனை முதல் வகையாக வைத்தனர். ஆங்கிலத்தார் இதனை மிரரிங் என்பர். அதனை அப்படியே 'ஆடிமுறை' என்று பெயர்த்து வழங்குவாரும் உளர். அஃது அத்துணைப் பொருத்தமுடையதன்று. ஆடியில் தோன்றும் நிழலுக்குத் தனக்கென ஓர் இருப்பு இல்லை. முன்னிற்கும் பொருள் நீங்கின் நிழலும் நீங்கும். இங்கோ இரண்டு வட்டும் ஒத்த தகுதி உடையன; ஒன்று அழியினும் மற்றொன்று நின்று பணி செய்யும். எனவே 'இணைப்படி' என்னும் சொல்லையே யாம் ஆள்கின்றோம்.

இணைப்படி முறையின் செயல் இது. கணிப்பொறியின் இயக்குதளம் ஒரு செய்தியை எழுதுமாறு ஏவப்பட்டால், அதனை இரு வட்டுக்கும் அனுப்புகின்றது. இரண்டும் எழுதி முடிந்தன என்று விடை வந்த பின்னரே 'எழுதியாயிற்று' என்று ஏவியவர்க்கு உரைக்கின்றது. படிக்கும்போது இரண்டனுள் ஒன்றை நாடினாற் போதும். ஒரு வட்டு கெட்டுப்போய்ப் புதியது மாற்றப்பட்டால், நல்ல வட்டிலிருந்து செய்தி முழுவதும் புதியதற்குப் பெயர்த்தெழுதப்படும். மின்சாரம் திடீரென நின்று, ஒரு வட்டில் எழுதியும் மற்றொன்றில் எழுதாமலும் விடப்பட்டிருப்பின், இரண்டையும் மீண்டும் ஒன்றுபடுத்தல் வேண்டும். இதனை ஒத்திசைவு என்போம்.

ஈண்டு இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்திச் செல்லுதல் நலம். இணைப்படி என்பது காப்புப்படி ஆகாது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஒரே பெட்டியுள் அமைந்த இணை வட்டுகள் அத்தகைய தீயினின்று எதனையும் காவா. வட்டின் தேய்வு ஒன்றற்கே இம்முறை மருந்து.

மற்றொரு செய்தி பதிப்பாசிரியர்க்குச் சுவை தருவது. இரு வட்டிலும் உள்ள பாடம் வேறுபட்டால் பொறி எதனைக் கொள்ளும்? ஏட்டுப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு கண்டவிடத்து யாப்பும் பொருளும் மரபும் நோக்கி ஒன்றைத் தேர்வர். ஏனையதை அடிக்குறிப்பில் இடுவர். இணைப்படிப் பொறிக்கு அத்தகைய தேர்வறிவு இல்லை. லினக்ஸ் இயக்குதளத்தில் திருத்துமாறு ஏவினால், படிக்க இயன்ற முதல் வட்டின் பாடத்தையே மற்றதன்மேல் எழுதிவிடும். இரண்டு படி மட்டும் இருப்பின் எது மூலம் என்று துணிதற்குப் பொறியிடம் சான்று இல்லை என்க.

பற்று என்னும் சொல்

இனி முடக்கத்திற்கு வருவோம். டெட்லாக் என ஆங்கிலத்தில் வழங்கும் நிலைக்கு முட்டுக்கட்டை, முடக்கநிலை முதலிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. முட்டுக்கட்டை என்பது புறத்தேயிருந்து இடப்படும் தடையைக் குறிப்பது. ஆனால் டெட்லாக்கில் புறத்தடை எதுவும் இல்லை. வட்டு நலமாக உள்ளது, மின்சாரம் உள்ளது, நிரலின் ஒவ்வொரு கூறும் தனக்கு இட்ட விதியைத் தவறாது பின்பற்றுகின்றது. எனினும் ஒன்றும் நகர்வதில்லை. முடக்கநிலை என்பதோ விளைவைக் கூறுகின்றதேயன்றிக் காரணத்தைக் கூறவில்லை.

யாம் வாழும் கள்ளிக்குப்பம் போன்ற அம்பத்தூர்ப் புறநகர்ப் பகுதிகளின் குறுந்தெருக்களில் எதிரெதிரே வந்த இரு தண்ணீர் லாரிகளை நினைத்துக்கொள்க. ஒவ்வொன்றும் தெருவின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை வேண்டி நிற்கின்றது. இரண்டன் பின்னும் வண்டிகள் நெருங்கிவிட்டன, பின்வாங்கவும் இயலாது. இங்கே தெரு கெட்டதன்று, லாரியும் கெட்டதன்று. ஒன்றன் செலவு மற்றொன்றன் செலவைப் பற்றி நிற்பதே கேடு.

தருக்க நூலார் இக்கேட்டை நன்கறிவர். ஒரு பொருளை நிறுவுதற்கு அப்பொருளையே சான்றாகக் கொள்ளுதல் ஆன்மாச்சிரயம். ஒன்றை நிறுவ இரண்டாவதும், இரண்டாவதை நிறுவ ஒன்றும் வேண்டப்படின் அன்னியோன்னியாச்சிரயம். மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் சங்கிலிபோல் சுற்றி முதலிற்கே வந்து முடியின் சக்கரகம். சுற்றி வாராது மேன்மேலும் ஓடிக்கொண்டே போவது அனவத்தை. சைவ சித்தாந்த உரைநூல்களைப் பயின்றார்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. இவற்றை முறையே தன்னைப் பற்றுதல், ஒன்றனையொன்று பற்றுதல், வட்டமாய்ப் பற்றுதல், வரம்பின்றி ஓடுதல் எனத் தமிழில் கூறலாம்.

இவற்றுள் வரும் 'பற்று' என்னும் சொல்லையே யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். தமிழில் பற்றுதல் என்பதற்குக் கையிற் பிடித்தல் என்பதும் ஒன்றனைச் சார்ந்து நிற்றல் என்பதும் ஆகிய இரு பொருள் உண்டு. டெட்லாக் நிகழ்தற்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்: ஒன்றைக் கையிற் பிடித்திருத்தலும், பிடித்த நிலையிலேயே வேறொன்றைச் சார்ந்து காத்திருத்தலும். பிடிக்காமற் காத்திருப்பவன் பிறரை முடக்கான். காத்திராமற் பிடித்திருப்பவன் விரைவில் விட்டுவிடுவான். எனவே இந்நிலையைப் 'பற்றுமுடக்கம்' என்று யாம் வழங்குகின்றோம்.

அற்றேல், தருக்கக் குற்றம் அறிவில் நிகழ்வது, பொறியின் முடக்கம் காலத்தில் நிகழ்வது. இரண்டையும் ஒன்றாக வைத்தல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. இரண்டன் வடிவமும் ஒன்றே. வேற்றுமை ஒன்று உண்டு. தருக்கக் குற்றம் எப்பொழுதும் குற்றமே. பொறியின் பற்றுமுடக்கமோ, காலம் ஒருவகையாகப் பொருந்தினால் மட்டும் வெளிப்படும். ஏனைய வேளைகளில் ஒளிந்திருக்கும். பல்லாயிரம் முறை நன்கு இயங்கிய நிரல் ஒரு நாள் நின்றுவிடுதற்குக் காரணம் இதுவே.

நான்கு நிலைக்களம்

டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965 இல் இந்நிலையை ஆராய்ந்து 'கொலைத் தழுவல்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1971 இல் காப்மன், எல்பிக், சோஷானி என்போர் இது நிகழ்தற்கு நான்கு நிலைக்களங்கள் வேண்டும் என வகுத்தனர். பொருள் ஒரு காலத்தில் ஒருவர்க்கே உரியதாதல் ஒன்று. ஒன்றைப் பிடித்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல் இரண்டு. பிடித்ததைப் பிறர் வலிந்து பறிக்க இயலாமை மூன்று. காத்திருப்போர் வட்டமாய் அமைதல் நான்கு. நான்கும் கூடினாலன்றிப் பற்றுமுடக்கம் இல்லை. ஆதலின் ஒன்றை அறுத்தாலே போதும்.

இணைப்படி வட்டில் எதனை அறுக்கலாம்? முதலாவதை அறுத்தல் இயலாது. ஒரே இடத்தில் இருவர் ஒருங்கே எழுதின் பாடம் கெடும். மூன்றாவதையும் அறுத்தல் தகாது. பாதி எழுதிய நிலையில் பறித்தால் இரு வட்டும் வேறுபடும். எஞ்சியவை இரண்டாவதும் நான்காவதுமே. இந்நிரலை எழுதுவோரின் உழைப்பெல்லாம் இவ்விரண்டன்மேலேயே செல்கின்றது. பொருள்களுக்கு ஒரு வரிசை வகுத்து, யாவரும் அவ்வரிசையிலேயே பிடித்தல் வேண்டும் என்னும் விதியை 1968 இல் ஹேவெண்டர் விளக்கினார். ஏறுவரிசையிலேயே பிடிப்போர் வட்டமாய் அமைதல் எவ்வாற்றானும் இயலாது. வட்டம் அமையின் எங்கேனும் ஓரிடத்தில் இறங்குதல் வேண்டுமன்றோ?

ஒவ்வொருவரும் இனி வேண்டப்போவது எவ்வளவு என முன்னரே கேட்டறிந்து, இடர் நேராதவாறு அளந்து வழங்கும் முறை ஒன்றும் டைக்ஸ்ட்ரா கூறினார். வங்கியாளர் முறை எனப்படும் அது, வேண்டுவதை முன்கூட்டி அறியவியலாத இயக்குதளத்தின் உள்ளகத்திற்கு உதவாது. அதனை விடுத்துச் செல்வோம்.

லினக்ஸில் நிகழ்ந்தது

உண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குதலே சிறந்தது. லினக்ஸ் இயக்குதளத்தின் கருநிரல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் காண்பதற்கும் தொலைவானதன்று. 1964 இல் சிறுதொழில்களுக்கென அமைந்த அப்பேட்டையில் லேத்துப் பட்டறைகளுக்கு அருகே இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. அத்தகைய மையங்களில் பெரிதும் வழங்குவது லினக்ஸே. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007 இல் வெளியிட்ட, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் என்னும் இயக்குதளமும் டெபியன் வழிவந்த லினக்ஸே. அக்கருநிரலில் இணைப்படிப் பணியைச் செய்யும் பகுதிக்கு எம்.டி. என்று பெயர். அதனை நெடுங்காலம் பேணி வளர்த்தவர் ஆஸ்திரேலியரான நீல் பிரவுன்.

வட்டுக்குச் செல்லும் ஏவல் நேரே செல்வதில்லை. அடுக்கடுக்காக இறங்கிச் செல்கின்றது. மேலே கோப்புகளைப் பேணும் அடுக்கு. அதன்கீழ் வட்டுப் பரப்பைப் பகுத்தும் தொகுத்தும் தரும் எல்.வி.எம். என்னும் அடுக்கு, அதன்கீழ் இணைப்படி அடுக்கு, அடியில் இரு வட்டுகள். பண்டு ஒவ்வோர் அடுக்கும் தன் கீழுள்ள அடுக்கை நேரே அழைத்து, அது திரும்பும்வரை தன் நினைவுக் குறிப்புகளை அடுக்கி வைத்திருந்தது. அக்குறிப்புகளுக்கென ஒதுக்கிய இடமோ மிகச் சிறிது. அக்காலத்து 32 பிட் பொறிகளில் நான்கு அல்லது எட்டு கிலோபைட். அடுக்கின்மேல் அடுக்கு ஏறஏற இடம் நிரம்பிப் பொறி வீழ்ந்தது. தருக்க நூலார் கூறிய 'வரம்பின்றி ஓடுதல்' ஈண்டுக் குற்றமாயிற்று. ஓட்டத்திற்கு வரம்பு உண்டெனினும் பொறியின் இடத்திற்கு அவ்வோட்டம் மிகையாயிற்று.

2007 இல் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். எந்த அடுக்கும் கீழடுக்கை உடனே அழைத்தலாகாது. ஏவலை ஒரு பட்டியலின் இறுதியில் எழுதிவிட்டுத் திரும்புதல் வேண்டும். ஏவும் ஒவ்வொரு செயல்முறையும் இத்தகைய பட்டியல் ஒன்றைத் தன் கையில் வைத்திருக்கும். மேலடுக்கு திரும்பிய பின்னர், பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். இதனால் குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது நின்றது. மிக நேர்த்தியான தீர்வு. ஆயினும் ஒரு குற்றத்தை நீக்க வந்த இக்கைப்பட்டியலே வேறொரு குற்றத்திற்கு வாயிலாயிற்று.

அதனை அறிதற்கு ஒத்திசைவு பற்றிய விதிகளை அறிதல் வேண்டும். ஒத்திசைவு நடக்கும் இடத்தில் புதிய எழுத்து விழுமாயின் இரு படியும் மாறுபடும். ஆதலின் ஒத்திசைவுப் பணியாள் முதலில் ஒரு தடுப்பை உயர்த்துவான். உயர்த்திய பின் வரும் பொது ஏவல்கள் தடுப்பின் புறத்தே காத்திருக்க வேண்டும். தடுப்புக்கு முன்னரே உள்ளே புகுந்துவிட்ட ஏவல்கள் நிலுவை எனக் கணக்கிடப்படும். அந்நிலுவை முடியும்வரை ஒத்திசைவு காத்திருக்கும். இவ்விரு விதியும் தனித்தனியே குற்றமற்றவை, வேண்டப்படுவனவுமாம்.

இனி நிகழ்ச்சியைக் காண்க. எல்.வி.எம். அடுக்கு ஒரு பெரிய எழுத்தை இரண்டு கூறாகப் பிரித்து இரண்டையும் கைப்பட்டியலில் எழுதுகின்றது. செயல்முறை முதற்கூற்றை எடுக்கின்றது. இணைப்படி அடுக்கு அதனை நிலுவையிற் சேர்த்து, இரு வட்டுக்கும் உரிய இரண்டு ஏவல்களைப் படைத்துப் பட்டியலின் இறுதியில் எழுதுகின்றது. அவை இரண்டாம் கூற்றுக்குப் பின்னே நிற்கின்றன என்பதை மனங்கொள்க. அந்நொடியில் ஒத்திசைவுப் பணியாள் தடுப்பை உயர்த்தி, நிலுவை முடியக் காத்திருக்கின்றான். செயல்முறை அடுத்து இரண்டாம் கூற்றை எடுக்கின்றது. தடுப்பைக் கண்டு உறங்குகின்றது.

இப்பொழுது என்ன நிகழும்? இரண்டாம் கூறு தடுப்பு நீங்கக் காத்திருக்கின்றது. தடுப்பு, முதற்கூறு முடியக் காத்திருக்கின்றது. முதற்கூறு முடிய வேண்டுமெனின் அதற்குரிய வட்டேவல்கள் அனுப்பப்பட வேண்டும். அவையோ உறங்கும் செயல்முறையின் கைப்பட்டியலில், இரண்டாம் கூற்றின் பின்னே, அடைபட்டுக் கிடக்கின்றன. மூன்றும் ஒன்றை ஒன்று பற்றி வட்டமாயின. சக்கரகத்திற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது. வட்டு ஒன்றும் பழுதுபடவில்லை. எழுத்து ஒன்றும் அழியவில்லை. ஆயினும் அப்பொறியை நாடிய எவர்க்கும் விடை கிடையாது. அவ்வட்டில் எழுத வரும் அடுத்தடுத்த செயல்முறைகளும் ஒவ்வொன்றாக வந்து உறங்கும்.

2012 இல் நீல் பிரவுன் இவ்வட்டத்தை அறுத்தார். தடுப்பு உயர்ந்திருப்பினும், நிலுவை இன்னும் முடியாதிருந்து, ஏவும் செயல்முறையின் கைப்பட்டியலும் வெறுமையாக இல்லையெனின், அதனைக் காக்கவைக்காது உள்ளே விடுக என்பது அவர் சேர்த்த விதி. தடுப்பை மீறி விடுதல் பாடத்தைக் கெடுக்காதோ எனின், கெடுக்காது. நிலுவை இருக்கின்றது என்றாலே ஒத்திசைவு இன்னும் தொடங்கவில்லை என்பது பொருள். தொடங்காத பணிக்கு முன் மற்றும் ஓர் ஏவல் சென்று முடிதலால் காலம் சிறிது நீளுமேயன்றிக் கேடில்லை. இரண்டாவது நிலைக்களமாகிய 'பிடித்துக்கொண்டே காத்திருத்தல்' இங்கே அறுபட்டது. கையில் பிறர்க்குரியதை வைத்திருப்பவன் வாயிலில் நிற்றலாகாது என்பதே அவ்விதியின் சாரம்.

எனினும் அது குறிப்பிட்ட வாயிலுக்குரிய விதிவிலக்கேயாகும். நோயின் முதல் பட்டியலின் வரிசையில் இருந்தது. 2017 இல் அவ்வரிசையே திருத்தப்பட்டது. ஓர் ஏவலிலிருந்து பிறந்து கீழடுக்குக்குச் செல்லும் ஏவல்களை முதலில் முடித்து, பின்னர் அதே அடுக்குக்குரிய உடன்பிறப்புகளை எடுத்து, இறுதியில் ஏனையவற்றை நாடுமாறு முறை மாற்றினர். முதற்கூற்றின் வட்டேவல்கள் இனி இரண்டாம் கூற்றுக்குப் பின் நிற்கமாட்டா. 1968 இன் வரிசை விதி இங்கு அடுக்குகளுக்குப் பொருந்தி வந்தமை காண்க. அதே ஆண்டில் தடுப்பும் பகுக்கப்பட்டது. வட்டு முழுவதற்கும் பொதுவாக இருந்த கணக்கை நீக்கி, பரப்பை 64 மெகாபைட் கொண்ட பகுதிகளாக்கி, அவற்றிற்கு 1024 தனிக் கணக்குகள் வைத்தனர். ஒத்திசைவு நடக்கும் பகுதிக்குரிய ஏவல் மட்டும் காத்திருக்க, ஏனையவை தடையின்றிச் செல்லும்.

பத்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மூன்று திருத்தங்களையும் ஒருங்கு நோக்கினால், நிரலும் உரைமரபைப் போல்வதே எனத் தோன்றுகின்றது. முதல் உரையாசிரியர் ஓர் ஐயத்தைத் தீர்க்கின்றார். அத்தீர்வு பிறப்பித்த ஐயத்தை அடுத்தவர் தீர்க்கின்றார். மூன்றாமவர் நூற்பாவின் வைப்புமுறையையே நோக்குகின்றார். ஒவ்வொரு திருத்தத்துடனும் அதன் காரணமும் எழுதி வைக்கப்படுதல் இத்துறையாரின் நல்வழக்கம். 2012 இன் திருத்தத்திற்கு எழுதப்பட்ட விளக்கம், திருத்திய வரிகளுக்கு ஒப்பவே பயன் தருவது.

விதைநெல்

நினைவகத்தைப் பற்றிய முடக்கம் வேறொரு வகை. வட்டில் எழுதுதல் என்னும் செயலுக்கே சிறிது நினைவகம் வேண்டும். எந்த ஏவல் எவ்வட்டுக்குச் சென்றது எனக் குறித்துவைக்கும் சிறு பதிவு அது. நினைவகம் முழுவதும் நிரம்பியபோது இயக்குதளம் இடம் தேடும். எழுதப்படாது தேங்கிய பக்கங்களை வட்டில் எழுதிவிட்டால் இடம் கிடைக்கும். எழுத வேண்டுமெனின் இணைப்படி அடுக்கின்வழிச் செல்ல வேண்டும். அவ்வடுக்குக்கோ பதிவிடச் சிறிது நினைவகம் வேண்டும். இடம் பெற எழுத்தும், எழுதுதற்கு இடமும் வேண்டப்பட்டமையின் இஃது ஒன்றனையொன்று பற்றுதலாம்.

இதற்கு இரு காவல் உண்டு. இவ்வடுக்கு நினைவகம் கேட்கும்போது, 'இதன்பொருட்டுப் புதிய வட்டெழுத்து எதனையும் தொடங்கற்க' என்னும் குறிப்புடன் கேட்கும். மேலும், எவ்வளவு நெருக்கடியிலும் தொடாது வைத்த சேமிப்பு ஒன்று உண்டு. லினக்ஸின் இணைப்படி நிரல் 256 பதிவுகளுக்கு இடம் ஒதுக்கி வைக்கின்றது. பஞ்சத்திலும் உழவன் உண்ணாது வைத்த விதைநெல் போல்வது அது. விதைநெல் விதைத்து மீட்டற்குரியது. அதுபோல இச்சேமிப்பில் எடுத்தது பணி முடிந்ததும் திரும்பி வர வேண்டும்.

சேமிப்பு இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. ஓர் ஏவல் ஒரு பதிவைப் பெற்று அதனை வைத்துக்கொண்டே அதே சேமிப்பிலிருந்து இரண்டாவதையும் கேட்கும் எனக் கொள்வோம். 256 ஏவல்கள் ஒருங்கே வந்து ஒவ்வொன்றைப் பெற்றுவிட்டால் சேமிப்பு ஒழியும். 256 உம் இரண்டாவதற்குக் காத்திருக்கும்; ஒன்றும் தன்னதைத் திருப்பித் தாராது. சேமிப்பை ஆயிரமாக்கினும் ஆயிரம் ஏவல்கள் வந்தால் நிலை அதுவே. அளவைப் பெருக்குதல் பற்றுமுடக்கத்திற்கு மருந்தாகாது. அது வெளிப்படும் நாளைத் தள்ளிப்போடுவதேயாகும். எனவே ஒரு சேமிப்பிலிருந்து ஒருவர் ஒரு காலத்தில் ஒன்றே பெறுதல் வேண்டும் என்பதும், பெற்றது வேறொன்றன் உதவியை வேண்டாது திரும்பும் என்பதற்கு உறுதி வேண்டும் என்பதும் விதிகளாயின. கைப்பட்டியல் இங்கும் இடர் விளைத்தது. பெற்ற பதிவுகள் பட்டியலில் அடைபட்டிருக்க, அதே செயல்முறை சேமிப்பின் முன் உறங்குமாயின் அவை திரும்பா. 2013 இல் இதற்கெனத் தனிப் பணியாள் ஒருவன் அமைக்கப்பட்டான். சேமிப்பு வறண்டு, கேட்பவன் கையில் பட்டியலும் இருப்பின், அப்பட்டியலை இப்பணியாள் வாங்கிச் சென்று ஏவல்களை நடத்துவான். பின்னரே கேட்டவன் உறங்கலாம். நிரலில் இவனுக்கு இட்ட பெயர் 'மீட்பவன்' என்னும் பொருளது.

தன்னைத் தான் எண்ணுதல்

ஆன்மாச்சிரயத்திற்கும் இந்நிரலில் இடம் உண்டு. ஒரு வட்டில் ஓரிடத்தைப் படிக்க இயலாது போயின், மற்றொரு வட்டிலிருந்து படித்து, பழுதுற்ற இடத்தில் மீண்டும் எழுதிப் பார்ப்பர். இதனைச் செய்யும் பணியாள் வேறு ஏவல்கள் எவையும் ஓடாதவாறு தொகுதி முழுவதையும் உறையச் செய்தல் வேண்டும். 'நிலுவை அனைத்தும் அடங்கும்வரை காத்திரு' என்று விதித்தால் போதும் போலத் தோன்றும். ஆனால் எந்த ஏவலின் பழுதை அவன் திருத்த வந்தானோ, அந்த ஏவலே நிலுவையில் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. அவன் திருத்தினாலன்றி அது முடியாது. அது முடிந்தாலன்றி அவன் திருத்தத் தொடங்கான். ஆதலின் நிரலில், அடங்காது எஞ்சிய நிலுவை சுழி ஆதல் வேண்டும் என்னாது, இவ்விடத்தில் மட்டும் ஒன்று ஆதல் வேண்டும் என விதித்துள்ளனர். பத்தாவது ஆள் யார் எனத் தேடித் தன்னை எண்ண மறந்தவன் கதை நாட்டில் வழங்குகின்றது. இங்கு இடர் அதற்கு மறுதலை: தன்னையும் எண்ணிவிடுதல்.

இரு பூட்டுகளை இருவர் மாறுபட்ட வரிசையில் பிடித்தலால் வரும் முடக்கம் யாவரும் அறிந்ததாதலின் விரிக்கவில்லை. அதனைக் கண்டுபிடிக்க இங்கோ மோல்நார் என்பார் 2006 இல் லினக்ஸில் ஒரு கருவி அமைத்தார். எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு பிடிக்கப்பட்டது என்பதனை அக்கருவி குறித்துக்கொண்டே வரும். மாறுபட்ட வரிசை ஒருமுறை தோன்றினும், முடக்கம் நேராதபோதே, எச்சரிக்கும். ஆயினும் அது பூட்டுகளையே காணும். மேற்கூறிய தடுப்பும் நிலுவையும் கைப்பட்டியலும் பூட்டுகள் அல்ல; வெறும் எண்ணிக்கைகளும் வரிசைகளுமேயாம். ஆதலின் 2012 இன் சக்கரகத்தை அத்தகைய கருவி காட்டியிராது. நிரலை வரி வரியாகப் படித்து, யார் எதனைப் பிடித்திருக்கின்றார், எதனைச் சார்ந்து நிற்கின்றார் என வினவிச் செல்லும் படிப்பே அதற்கு உரியது. உரைநூல் பயின்றார் அத்தகைய படிப்புக்கு அயலார் அல்லர்.

துறைகளில் தம் சுவடித் தொகுப்பை இணைப்படி வட்டுகளில் வைத்திருப்போர்க்குச் சில செய்திகள். டெபியன் வழிப்பட்ட பொறிகளில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் இரு படியையும் ஒப்புநோக்கும் பணி தானே தொடங்குதல் வழக்கமாக இருந்து வருகின்றது. அப்பணியும் ஒத்திசைவின் தடுப்பையே கையாள்வது. எனவே வட்டு ஒன்றும் கெடாத தொகுதியிலும் தடுப்பு மாதந்தோறும் உயரும். பழைய கருநிரலை மாற்றாது வைத்திருப்பின் மேற்கூறிய முடக்கத்திற்கு மாதந்தோறும் ஒரு வாய்ப்பு உண்டு. திங்கட்கிழமை காலையில் பொறி விடைதாராது நின்றால், அதன் குறிப்பேட்டில் ஒரு செயல்முறை 120 நொடிக்கு மேல் அசையாது நின்றது என்னும் எச்சரிக்கை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அவ்வெச்சரிக்கையோடு அச்செயல்முறை எந்த இடத்தில் உறங்குகின்றது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பொறியை அணைத்து எழுப்புமுன் அவ்வரிகளைப் படியெடுத்து வைத்துக்கொள்க. அவையே பற்றின் வட்டத்தைக் காட்டும் சான்று. அணைத்து எழுப்பிய பின் ஒத்திசைவு மீண்டும் நடைபெறும். எழுதப்படவிருந்த பகுதிகளை முன்னரே குறித்துவைக்கும் குறிப்புப் படம் தொகுதியில் அமைக்கப்பட்டிருப்பின் அப்பகுதிகள் மட்டும் ஒப்பிடப்படும். அமைக்கப்படாதிருப்பின் வட்டு முழுவதும் ஒப்பிடப்படும், பெரிய வட்டாயின் அதற்குப் பல மணி நேரம் செல்லும்.